மாசிக் கொள்ளையும் மாறிய ஊர்களும்

தை அறுவடை முடிந்து, களம் காலியாகி, வைக்கோல் போர் ஏறிய பின் கம்மாபுரம் வட்டாரத்துச் சிற்றூர்களில் ஒரு நோட்டு வெளியே வரும். நீளமான கணக்கு நோட்டு. ஓரம் மடங்கி, மஞ்சள் தடவி, பல கைகளின் எழுத்தைத் தாங்கியிருக்கும். ஊரின் தலைக்கட்டுகள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். பெயருக்கு எதிரே வரி, அதற்கு எதிரே வரவு. மாசி அமாவாசைக்கு இன்னும் இத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு, பெரியவர்கள் அம்மன் கோயில் வாசலில் கூடி அந்த நோட்டைப் பிரிக்கும் இரவில்தான் மயானக் கொள்ளை தொடங்குகிறது என்பது என் கருத்து. பம்பையும் உடுக்கையும், காளி வேடமும் தீச்சட்டியும் அதற்குப் பின்னால் வருபவையே.

நம் கல்லூரியில் மயானக் கொள்ளை என்றால் முகஞ்சுளிக்கும் நண்பர்கள் உண்டு. சுடுகாட்டில் போய்க் கூத்தடிப்பதா என்று கேட்பார்கள். இன்னொரு சாராருக்கு அது கைப்பேசியில் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பத்தக்க ஒரு நாள் வேடிக்கை. இரு சாராரும் காண்பது கடைசி நாளை மட்டுமே. முந்தைய இருபது நாள்களில் ஓர் ஊர் தன்னைத் தானே எண்ணிப் பார்த்துக்கொள்கிறது. யார் நம்மவர், யார் அல்லர் என்று முடிவு செய்துகொள்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே எழுத முனைகிறேன்.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரமனின் ஐந்தாம் தலையைச் சிவன் கிள்ளினார். அந்தக் கபாலம் அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டு, அவருக்கு இடும் உணவையெல்லாம் தானே தின்றது. அம்மை அங்காளியாகி மயானத்தில் சோற்றை வாரி இறைத்தாள். ஆசைப்பட்ட கபாலம் கையைவிட்டுக் கீழே இறங்கியது; அவள் மிதித்து நசுக்கினாள். மகா சிவராத்திரிக்கு மறுநாள் அமாவாசையில் மேல்மலையனூரிலும், பழைய தென்னார்க்காடு, வடார்க்காடு, செங்கற்பட்டு மாவட்டங்களின் ஊர்களிலும் இது விழாவாக நிகழ்கிறது. 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் நூல் செம்படவரைப் பற்றிய பகுதியில் இதைக் குறிக்கிறது. எவலின் மேயர் என்ற மேலைநாட்டு ஆய்வாளர் அங்காளபரமேசுவரியைப் பற்றித் தனி நூலே எழுதி 1986-இல் வெளியிட்டார். நம் பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு வரி கூட இல்லை என்பது வேறு கதை.

இனி ஏற்பாட்டுக்கு வருவோம். கூட்டத்தில் முதல் பேச்சு வரி. அதிலும் போன ஆண்டுப் பாக்கி. பாக்கி வைத்தவர் எழுந்து நின்று காரணம் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் பரிந்து பேசுவார். மூன்றாமவர் பழைய வாய்க்கால் தகராறு ஒன்றை இழுத்து நடுவில் போடுவார். இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் ஒருவழியாகத் தொகை முடிவாகும். திருப்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறவர்கள் இப்போது கைப்பேசி வழியாகவே வரியை அனுப்பிவிடுகிறார்கள். ஆனாலும் பெயர் நோட்டில் ஏறிவிட்டதா என்று பேசிக் கேட்டு உறுதி செய்துகொள்ளாமல் ஒருவர் கூட இருப்பதில்லை. பணம் போய்ச் சேர்ந்ததைக் காட்டிலும் பெயர் ஏறியதே அவர்களுக்குப் பெரிது.

இரண்டாவது பேச்சு காப்பு. மஞ்சள் தோய்த்த கயிற்றில் வேப்பிலையோ மஞ்சள் கிழங்கோ முடிந்து மணிக்கட்டில் கட்டுவார்கள். கட்டிக்கொண்டவர் கவிச்சி தொடலாகாது, பாயில் படுக்கலாகாது, ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கலாகாது. எல்லை என்று நான் எழுதிய இந்தச் சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பிறகு வீடுகள். பெண்கள் செய்யும் வேலை நோட்டில் ஏறுவதில்லை. ஆனால் விழாவின் பாதிப் பளு அவர்கள் தலையில்தான். மொச்சையும் காராமணியும் கொள்ளும் முதல் நாளே ஊறும். மல்லாட்டை வேகும். கொழுக்கட்டை பிடிப்பார்கள், முருங்கைக்கீரை ஆய்வார்கள். தத்தம் நிலத்தில் விளைந்த முதல் காயை எடுத்து வைப்பார்கள். இவை எல்லாம் அம்மன் புறப்படும்போது சூறை விடப்படும். இறைத்ததில் ஒரு பிடியைப் பொறுக்கிக்கொண்டு போய்த் தன் நிலத்தில் போட்டால் விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. கொல்லையில் விளைந்தது கொள்ளைக்குப் போய்க் கொல்லைக்கே திரும்புகிறது! நெல்லும் மல்லாட்டையும் விளைவிக்கும் மக்கள், விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையே கையில் வேலை குறைந்த மாசியில் இதை வைத்தது தற்செயல் அன்று.

கடைசியில் மயானம். பல ஊர்களில் மண்ணையும் சாம்பலையும் குழைத்து, அம்மன் மல்லாந்து படுத்திருப்பதுபோல் பெரிய உருவம் செய்வார்கள். அதன்மேல் படையல் இட்டு, பூசை முடிந்ததும் கூட்டம் பாய்ந்து அள்ளும். மண்ணும் சாம்பலும் சோறும் ஒன்றாய்க் கலந்து போகும். இதில் உயிர்க்கோழியைக் கடிப்பது போன்ற செயல்களுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை; அவை போனால் போகட்டும்.

இப்படி இறந்தவர் இடத்துக்குக் குளிர்காலக் கடைசியில் உணவு கொண்டு போவது நமக்கு மட்டும் உரியதன்று. பழைய உரோமர் பிப்ரவரி 13 முதல் 21 வரை தம் முன்னோரின் கல்லறைகளுக்குத் தானியமும் உப்பும் மதுவில் நனைத்த அப்பமும் பூவும் கொண்டுபோய் வைத்தனர். பிப்ரவரி என்ற பெயரே தூய்மைச் சடங்கைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்தது. கிறித்தவம் பரவிய பிறகு பழைய தெய்வங்களை விடாதவர்களைப் ‘பேகன்’ என்று அழைத்தனர். அந்தச் சொல்லின் மூலப்பொருள் நாட்டுப்புறத்தான், கிராமத்தான் என்பதே. அந்தக் கணக்கில் கம்மாபுரத்துக்காரர் அனைவரும் பேகன்களே!

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 1950-களுக்குப் பின் சிலர் தம்மைப் பேகன்கள் என்று தாமே அழைத்துக்கொண்டு பழைய பருவ விழாக்களைப் புதுப்பித்து வருகின்றனர். பிப்ரவரி முதல் நாளில் ‘இம்போல்க்’ என்ற விழாவுக்கு மெழுகுதிரிகள் ஏற்றுகிறார்கள். அயர்லாந்தில் அதே நாளுக்குரிய பிரிஜித்தின் பெயரால் 2023 முதல் அரசு விடுமுறையும் வந்துவிட்டது. இதில் என் கவனத்தை ஈர்த்தது வேறொன்று. அந்தப் புதிய பேகன்களுக்குத் தொடர்ந்து வந்த ஊர் இல்லை; எல்லை இல்லை; தலைக்கட்டு நோட்டும் இல்லை. நூல்களைப் படித்துச் சடங்கை அமைத்துக்கொண்டு, யாருடைய வீட்டிலாவது கூடி, யார் விளக்கு வைப்பது, யார் அப்பம் சுடுவது என்று முதலிலிருந்து பேசி முடிக்கிறார்கள். பட்டியலை அவர்கள் புதிதாக எழுதுகிறார்கள். நாமோ பாட்டன் எழுதியதைப் பார்த்து எழுதுகிறோம்.

இது ஏன் எனக்குப் பெரிதாகப் பட்டது என்றால், நம் பகுதியிலும் பட்டியலைப் புதிதாக எழுத வேண்டிய நிலை வந்திருக்கிறது.

நெய்வேலியின் வரலாற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை. ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றில் கரிய பொருள் கண்டது முதல், 1956-இல் நிறுவனம் பிறந்தது, 1957-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தது, 1961-இல் முதல் பழுப்பு நிலக்கரி வெளிவந்தது வரை நாம் பள்ளியிலேயே கேட்டவை. நான் இதை எழுதும் மேசை விளக்கும் அந்தக் கரியின் தயவில் எரிவதாகவே இருக்கலாம். எனவே சுரங்கமே கூடாது என்று பேசுவது எளிதன்று. ஆனால் கரி இருக்கும் இடத்தில் ஊரும் இருந்தது. ஊர்கள் பெயர்ந்தன, இன்னும் பெயர்கின்றன. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கியபோது நாடே திரும்பிப் பார்த்தது. பயிருக்கு விலை உண்டு; நிலத்துக்கு விலை உண்டு; வீடு, கிணறு, பலா, முந்திரி என்று மரத்துக்கு மரம் கணக்கு உண்டு. விலை போதுமா என்ற வழக்கு என்றும் உண்டு. எல்லைக்கு என்ன விலை?

கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் காப்புக் கட்டிக்கொண்டவர் எல்லை தாண்டலாகாது என்றால், எல்லையே மண்மேட்டுக்கு அடியில் போய்விட்ட பிறகு அவர் எதைத் தாண்டாமல் இருப்பது? அம்மன் மயானத்துக்குப் புறப்பட வேண்டும் என்றால், மயானம் இருந்த இடம் பள்ளமாகிவிட்ட பின் எங்கே புறப்படுவாள்? பெயர்ந்து போன ஊர்க்காரர்கள் தெய்வத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தகரக் கொட்டகைக்குள் வைத்துவிடலாம். கல்லைத் தூக்கலாம்; மயானத்தைத் தூக்க முடியுமா? அந்த மண்ணில் கலந்திருப்பவர் நம் பாட்டனும் பாட்டியும் அல்லவா? சாம்பலும் மண்ணும் குழைத்துச் செய்யும் உருவத்துக்கு அயல் ஊர்ச் சாம்பலையா இரவல் கேட்பது?

சட்டம் இதை முழுவதும் மறந்துவிடவில்லை. நிலம் கையகப்படுத்தல் பற்றிய 2013-ஆம் ஆண்டு நடுவண் அரசுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, மறுகுடியமர்வு இடத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று வரிசைப்படுத்துகிறது. சாலை, குடிநீர், பள்ளி ஆகியவற்றோடு வழிபாட்டிடமும், ஐம்பது குடும்பங்களுக்கு ஒன்று வீதம் கூடிப் பேச மரத்தடி மேடையும் அதில் உண்டு. இடுகாடு சுடுகாடும் உண்டு. எந்த நிலத்துக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்ற வழக்காட்டுக்குள் நான் போகவில்லை. இடுகாடு பற்றிய அந்த வரியைப் படித்தபோது திடுக்கிட்டேன். அந்த இடத்துச் சாதிச் சமூகங்களையும் அவர்களின் வழக்கங்களையும் பொறுத்து அது அமைய வேண்டும் என்பது அதன் கருத்து. நல்ல எண்ணத்தில் எழுதியிருக்கலாம்: புதைப்போருக்கு இடுகாடு, எரிப்போருக்குச் சுடுகாடு. ஆனால் நம் ஊர்ப்பக்கம் அதன் பொருள் வேறாகத்தான் ஆகும். ஊருக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று. அரசு தன் செலவில் புது மண்ணில் பழைய கோட்டைப் போட்டுக் கொடுத்ததாக முடியும்.

இங்கேதான் மயானக் கொள்ளை கூர்மையான ஒரு கேள்வியை நம் முன் வைக்கிறது. அம்மன் எந்த மயானத்துக்குப் போகிறாள்? இரண்டு மயானம் உள்ள ஊர்களில் அவள் ஊராரின் மயானத்துக்கே போகிறாள். கதையில் அங்காளி யாரும் தீண்ட அஞ்சும் இடத்துக்குத் தானே தேடிப் போனவள், சாம்பலைப் பூசிக்கொண்டவள். அவளை ஒரு சாராரின் சாம்பலோடு நிறுத்திவிட்டோம். விழாவின் ஏற்பாட்டிலோ காலனி மக்களுக்குப் பங்கு இருந்தது. குயவர் கரகப் பானை வனைந்தார். வண்ணார் பந்தம் பிடித்து நடைபாவாடை விரித்தார். காலனியிலிருந்து வந்தவர்கள் பறை அடித்தார்கள். இதைக் காட்டி, பாருங்கள், எல்லாச் சாதிக்கும் இடம் கொடுத்த ஒற்றுமை விழா என்று மேடையில் பேசுவோர் உண்டு. வேலைக்கு இடம் இருந்தது. நோட்டில் இடம் இல்லை. அவர்களிடம் வரி வாங்குவதில்லை. வரி வாங்காதது சலுகை என்று சின்ன வயதில் நமக்குச் சொல்லியிருப்பார்கள். வரி கொடாதவருக்குக் கூட்டத்தில் பேச்சு இல்லை, முதல் மரியாதை இல்லை, அம்மன் அவர் தெருவுக்கு வருவதும் இல்லை. கட்டாயப் பறையை இனி அடியோம் என்று பல ஊர்களில் இளைஞர்கள் மறுத்தது சரியே. அந்த இடத்துக்கு இப்போது செண்டை மேளம் கேரளத்திலிருந்து வந்து இறங்குகிறது. ஏற்பாடு முழுவதும் குத்தகைக்குப் போகிறது: பந்தல் ஒருவர், சமையல் ஒருவர், விளக்கு ஒருவர். யாரிடமும் கை நீட்டிக் கேட்க வேண்டியதில்லை. பணம் கொடுத்தால் வேலை நடக்கிறது. நோட்டு மட்டும் மாறவில்லை.

அந்த நோட்டில் இன்னொரு குறையும் உண்டு. தலைக்கட்டு என்றால் மணமான ஆண். கணவனை இழந்து, உழுது பயிரிட்டு, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் பெண்ணின் வீடு பல ஊர்களில் அரை வரி. அரை வரிக்கு அரைப் பேச்சு கூடக் கிடையாது. மொச்சை அவிக்க மட்டும் முழு ஆள்.

இதெல்லாம் வெறும் சடங்குச் சண்டை என்று நினைப்பவர்கள் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியை நினைக்க வேண்டும். அங்கே திரௌபதி அம்மன் கோயில் விழாவில் ஆதிதிராவிட மக்கள் உள்ளே வந்தது பற்றி எழுந்த மோதலால் 2023 ஜூனில் கோயிலையே அதிகாரிகள் பூட்டி முத்திரையிட்டார்கள். பிறகு நீதிமன்றம் தலையிட்டுத்தான் கதவு திறந்தது. கூட்டி நடத்தத் தெரியாத விழாவுக்குப் பூட்டே மிஞ்சியது.

பகுத்தறிவு பேசும் நண்பர்கள் என்னிடம் கேட்பார்கள்: இத்தனை குறை சொல்கிறாயே, சுரங்கத்தோடு சேர்ந்து இந்த விழாவும் புதையட்டுமே? அவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் விழா புதைந்தால் நோட்டும் புதைந்துவிடும் என்று எண்ணுவது தவறு. நான் சென்று பார்த்த மாற்றுக் குடியிருப்புகளில், முன்பு மூன்று ஊர்க்காரராக இருந்தவர்கள் ஒரே தெருவில் வீடு கட்டியிருக்கிறார்கள். ஒருவர் வீட்டுச் சாவுக்கு அடுத்த வீட்டார் போவதா வேண்டாமா என்று தயங்குகிறார்கள். பழைய ஊர் நோட்டுகள் மூன்றும் மூன்று பீரோக்களில் பத்திரமாக இருக்கின்றன. விழா நின்றுவிட்ட இடத்திலும் நோட்டு உயிரோடு இருக்கிறது: தேர்தலுக்கு, பஞ்சாயத்துக்கு, பெண் கேட்பதற்கு. சேர்ந்து சோறு இறைக்கும் ஒரு நாள்தான் போய்விட்டது.

முதியவர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள்: மரபை மாற்றினால் தெய்வக் குற்றம். அவர்களுக்கு என் விடை ஒன்றே. மரபு முன்பே மாறிவிட்டது. எல்லை போயிற்று, ஏரி போயிற்று, மயானம் போயிற்று. உயிர்ப்பலியை 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி 2003-இல் அரசு தடுத்தது. 2004-இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. அப்போதெல்லாம் பொறுத்துக்கொண்ட அம்மன், நாலு பெயரைக் கூடுதலாக எழுதினாலா கோபித்துக்கொள்ளப் போகிறாள்?

சாதி கலந்து குடியமர்த்த முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 1997-இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரத் திட்டத்தில் நூறு வீடுகளில் நாற்பது ஆதிதிராவிடர்க்கு, இருபத்தைந்து பிற்படுத்தப்பட்டோர்க்கு, இருபத்தைந்து மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு, பத்து ஏனையோர்க்கு என்று வகுத்துத் தந்தது இதே தமிழக அரசுதான். சாதி வேறுபாடற்ற பொது மயானம் வைத்திருக்கும் சிற்றூர்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அப்படியிருக்க, புதிதாக நிலம் எடுத்து, புதிதாக அளந்து, புதிதாகக் கல் நடும் குடியிருப்பில் இரண்டு மயானத்துக்கு ஏன் இடம் ஒதுக்க வேண்டும்? ஒன்றே போதும். வீட்டு மனைக்கு முன்னால் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும் என்றே நான் சொல்வேன். பழைய ஊரை இடிக்கும் முன்பு அங்குள்ள ஒவ்வொரு மயானத்திலிருந்தும், ஊர் என்றும் காலனி என்றும் பாராமல், ஒரு கூடை மண் எடுத்து வந்து அங்கே கொட்டலாம். அடுத்த மாசியில் பெரியாயி உருவம் அந்த மண்ணில் படுக்கட்டும். இது நடவாத காரியம் என்பவர்கள் செலவைக் கணக்குப் பார்க்கட்டும். இரண்டு மூன்று மாட்டு வண்டி மண், அவ்வளவே.

நோட்டைப் பற்றிக் கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். இப்போது பல ஊர்களில் வரி நோட்டை எழுதுகிறவர் யார் தெரியுமா? பெரியவர்களுக்குக் கண் மங்கிவிட்டது. ‘தம்பி, காலேசுல படிக்கிறியே, வந்து எழுதிக் குடு’ என்று நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள். இந்த இதழைப் படிப்பவர்களில் பத்துப் பேராவது அப்படி உட்கார்ந்து எழுதியவர்களாக இருப்பீர்கள். பழைய நோட்டைப் பார்த்து அப்படியே பெயர்த்து எழுதுவதுதான் வழக்கம். மாற்றுக் குடியிருப்பில் எழுத நேர்ந்தால் பழைய நோட்டைப் பிரிக்காமல், தெருவின் முதல் வீட்டில் தொடங்கிக் கடைசி வீடு வரை கதவு எண் வரிசையில் எழுதிக்கொண்டு போகலாம்; வீட்டைத் திறப்பவர் பெண்ணாக இருந்தால் அவர் பெயரையே எழுதலாம்; வரி எல்லார்க்கும் ஒன்றே என்று போடலாம். முதல் ஆண்டு சண்டை வரும். நோட்டைப் பிடுங்கிக் கிழிக்கவும் கூடும். அதனால் இரண்டு படிகளாக எழுதி, ஒன்றை வீட்டில் வைத்திருப்பது நல்லது.